பிரேக் பிடித்தால் நிற்க வேண்டும்! மாட்டுக்கொட்டகையில் ஓர் அப்பத்தாவின் சைக்கிள் பட்டறை

செயின் அறுந்தால் சைக்கிள் நகராது. டயர் பஞ்சரானால் உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அதனால் அந்த இரண்டும் அன்றைக்கே சரியாகிவிடும். பிரேக் அப்படியில்லை. அது இல்லாமலும் சைக்கிள் ஓடும். 'காலை ஊன்றி நிறுத்திக்கலாம்', 'மெதுவாத்தானே போறோம்', 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்று மாதக்கணக்கில் ஓடும். வீட்டு வாசல்களில் சாய்ந்து நிற்கும் பழைய சைக்கிள்களில் கடைசியாகக் கவனிக்கப்படும் பாகம் பிரேக்தான். உயிரைக் காப்பாற்ற வேண்டிய பாகமும் அதுதான்.

புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலத்துக்கு 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு சிற்றூரில், அறுபதை நெருங்கும் ஓர் அம்மா இதை நன்றாகவே அறிவார். ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் 'சைக்கிள் அப்பத்தா'. விடியற்காலையில் மல்லிகையும் முல்லையும் பறித்து, கூடையை கேரியரில் கட்டி, கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்கு மிதித்துக்கொண்டு போவார். முப்பது வருஷத்துக்கும் மேலாக இதே வேலை, இதே சைக்கிள். 28 அங்குல சக்கரம் வைத்த, கறுப்பு நிற ஆண்கள் சைக்கிள்.

போன புரட்டாசிக் கடைசியில் அந்த சைக்கிளுக்கே ஆபத்து வந்தது.

ராத்திரி பெய்த மழையில் பாதை நனைந்திருந்தது. குளத்துக்கரையிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் சரிவில் கன்றுக்குட்டி ஒன்று குறுக்கே ஓடியது. அப்பத்தா பின் பிரேக்கைப் பிடித்தார். கைப்பிடி வந்தது, சைக்கிள் நிற்கவில்லை. முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் குப்புறத் தள்ளிவிடும் என்பது தெரியும். அதனால் ஹேண்டில்பாரைத் திருப்பி காட்டாமணக்குப் புதருக்குள் விட்டார். கன்றுக்கு ஒன்றுமில்லை. அவருக்கு முழங்காலில் சிராய்ப்பு. அன்றைய பூ முழுக்க குளத்துத் தண்ணீரில் மிதந்தது.

சேதி சாயங்காலமே திருப்பூருக்குப் போய்விட்டது. மகன் அங்கே பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். பேத்தி மட்டும் அப்பத்தாவோடு இருந்து ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.

"அம்மா, போதும்மா. அந்த இரும்பை எடைக்குப் போட்டுட்டு, பூவை ஆட்டோவுல ஏத்திவிடு."

"ஆட்டோவுக்குக் குடுத்துட்டா பூவுல என்னப்பா மிஞ்சும்?"

"அப்பப் பூவே வேணாம். மாசாமாசம் நான் அனுப்புறேன்ல?"

இந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அப்பத்தா சொன்னார். "தீபாவளிக்குப் பன்னெண்டு நாளு கெடக்கு. நீ வர்றதுக்குள்ள பிரேக்கைச் சரி பண்ணிடுறேன். நீயே ஓட்டிப் பாரு. நிக்கலைன்னா நானே எடைக்குப் போட்டுடுறேன்."

மகன் அனுப்பும் பணத்தில் குறையில்லை. ஆனால் அது மகன் காசு. பூ விற்ற காசு அவர் காசு. பேத்திக்கு நோட்டு வாங்க, சொந்தத்தில் ஒரு விசேஷத்துக்கு மொய் எழுத, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சைக்கிள் போனால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

ஓட்டக் கற்றுக்கொண்ட காலம்

அந்த சைக்கிள் வீட்டுக்கு வந்த கதை, புதுக்கோட்டை மாவட்டத்தின் கதையோடு சேர்ந்தது. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்துக் கற்றுக்கொடுப்பதோடு பெண்களுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதையும் இயக்கத்தின் வேலையாக்கினார். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் பழகியதைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் பதிவு செய்திருக்கிறார்.

பெண்கள் சைக்கிளுக்கு அப்போது தட்டுப்பாடு வந்தது. அதனால் பலர் ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள். சிலர் அதையே விரும்பி வாங்கினார்கள். காரணம், நடுவில் இருக்கும் பார் கம்பி. அதில் துண்டைச் சுற்றிக் குழந்தையை உட்காரவைத்துக் கொள்ளலாம்.

அப்பத்தாவுக்கு அன்று வயது 25. நான்கு வயது மகன். சீட்டுக் காசில் ஒரு பழைய ஆண்கள் சைக்கிளை வாங்கினார். முன்னால் பாரில் மகன், பின்னால் கேரியரில் பூக்கூடை. இன்று 'எடைக்குப் போடு' என்று சொல்லும் மகன், பள்ளிக்கூடம் போனதே அந்தப் பாரில் உட்கார்ந்துதான்.

ஓட்டச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. ரிப்பேர் வந்தால் மட்டும் கடைத்தெருவில் இருந்த வாடகை சைக்கிள் கடைக்குப் போக வேண்டும். கடைக்காரர் நல்லவர்தான். ஆனால், "விட்டுட்டுப் போ ஆத்தா, நாளைக்குப் பார்ப்போம்" என்பார். மறுநாள் விடியற்காலை பூவை யார் கொண்டுபோவது? அதனால் அவர் அங்கேயே நின்று, எந்த நட்டை எந்தப் பக்கம் திருப்புகிறார் என்று பார்த்தார். பார்த்ததை வீட்டில் செய்து பார்த்தார். செயின் மாட்டுவதும் பஞ்சர் ஒட்டுவதும் ஒரு மாதத்தில் வந்துவிட்டன. பிரேக்கைப் புரிந்துகொள்ளத்தான் ஒரு வருஷம் ஆனது.

ராடு பிரேக் எப்படி வேலை செய்கிறது?

இன்றைய சைக்கிள்களில் பிரேக்கைப் பிடித்தால் ஒரு கேபிள் இழுபடும். பழைய சைக்கிளில் கேபிளே கிடையாது. எல்லாமே இரும்புக் கம்பிகள், அதாவது ராடுகள். இங்கிலாந்து சைக்கிள்களில் இருந்து வந்த அமைப்பு இது. 1949-ல் மதராஸில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ், 1951-ல் சோனிபட்டில் தொடங்கிய அட்லஸ், 1956-ல் லூதியானாவில் தொடங்கிய ஹீரோ என்று நம் ஊர் ரோடுகளை நிறைத்த சைக்கிள்களில் தாத்தாக்கள் ஓட்டியதெல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான்.

முன் பிரேக் எளிமையானது. கைப்பிடியைத் தூக்கினால் ஒரு ராடு நேராக மேலே எழும். அதன் அடியில் 'ப' வடிவத்தில் ஓர் இரும்பு வளைவு இருக்கும். அந்த வளைவின் இரண்டு கால்களிலும் ஆளுக்கொரு பிரேக் கட்டை. ராடு எழும்பும்போது, கட்டைகள் ரிம்மின் உள்பக்கத்தில், போக்ஸ் கம்பிகளுக்கு இரண்டு பக்கமும் போய் அழுத்தும். கேபிள் பிரேக்கில் கட்டைகள் ரிம்மைப் பக்கவாட்டில் கவ்வும். ராடு பிரேக்கில் உள்ளிருந்து வெளியே தள்ளும். இந்த வித்தியாசம் தெரியாமல் கை வைத்தால் பிரேக் சரியாகாது.

பின் பிரேக்குக்குப் பாதை நீளம். கைப்பிடியில் தொடங்கும் இழுவை, கீழே ஒரு திருப்பத்தில் மடங்கி, சட்டத்தை ஒட்டிய ராடு வழியாக பெடல் அருகே போய், இன்னொரு திருப்பத்தில் மடங்கி, பின் சக்கரத்துக் கட்டைகளை இழுக்க வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு போல்ட். ஒவ்வொரு போல்ட்டிலும் கொஞ்சம் தேய்மானம், கொஞ்சம் துரு. கையில் கொடுக்கும் பலத்தை வழியிலேயே அவை தின்றுவிடும். அன்று குளத்துக்கரையில் நடந்தது அதுதான். கைப்பிடி நகர்ந்தது. கட்டை வரை பலம் போய்ச் சேரவில்லை.

இந்த பிரேக்கில் ஒரு நல்ல விஷயமும் உண்டு. எதுவும் மறைந்திருக்காது. கைப்பிடியிலிருந்து கட்டை வரை எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கலாம். பொறுமையாகத் தேடினால் எங்கே இழுவை நிற்கிறது என்று விரலால் தொட்டுச் சொல்லிவிடலாம். வீட்டில் வைத்தே சரிசெய்ய முடிவதும் அதனால்தான்.

கொட்டகையில் தொங்கும் கருவிகள்

மாட்டை விற்று ஐந்தாறு வருஷம் ஆகிறது. காலியான கொட்டகைதான் பட்டறை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தால் ராடு பிரேக்கின் கைப்பிடிகள் தரையில் அழுந்தி வளைந்துவிடும். அதனால் விட்டத்தில் இரண்டு கயிறு கட்டி, சீட்டுக்குக் கீழே ஒன்றும் ஹேண்டில்பாரில் ஒன்றுமாக மாட்டி, சைக்கிளைத் தொங்கவிடுவார். சக்கரம் இரண்டும் தரையைத் தொடாமல் சுற்றும்.

சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு கருவி. கடையில் வாங்கியவை மூன்றுதான்: ஒரு ஸ்பேனர், ஒரு திருப்புளி, ஒரு குறடு. மற்றதெல்லாம் அவரே செய்தது.

பிரேக் கட்டையின் நட்டு போக்ஸ் கம்பிகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கும். நேரான ஸ்பேனர் அங்கே நுழையாது. ஓர் இரும்புப் பட்டையின் முனையில் ரம்பத்தால் வெட்டி, நட்டுக்குச் சரியாகப் பொருந்தும் வரை அரத்தால் ராவி, கழுத்தைக் கொஞ்சம் வளைத்து வைத்திருக்கிறார். அது இடுக்கில் சுலபமாகப் போகும்.

உடைந்த குடையின் கம்பி ஒன்று. போல்ட் ஓட்டைகளில் அடைத்த துருவையும் மண்ணையும் சுரண்ட. பழைய டியூப்பை வெட்டிய பட்டைகள். ராடைக் குறடால் பிடிக்கும்போது பல் பதியாமல் இருக்க, இதைச் சுற்றிக்கொள்ளலாம். புளியங்கட்டையில் செய்த ஒரு கவட்டை. 'ப' வளைவின் கால் ஒன்று உள்ளே சாய்ந்துவிட்டால் கவட்டைக்குள் வைத்து நிமிர்த்த. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சின்ன டப்பா. பனையோலைத் துண்டு ஒன்று.

பேத்திக்கு அந்தப் பனையோலைதான் புரியவில்லை.

"இது எதுக்கு அப்பத்தா?"

"மூணா மடி. அந்தக் கனம்தான் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவுல இருக்கணும். அதுக்குக் கொறைஞ்சா ஓடுறப்ப ஒரசும். கூடுனா கைப்பிடி பாதி தூரம் சும்மா வரும்."

மடித்த ஓலை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வரும். அளவுகோல் வைத்துப் பார்க்க இடமில்லாத இடுக்கில் ஓலை நுழைந்துவிடும். ரிம்மிலும் கீறல் விழாது.

பன்னிரண்டு நாள் வேலை

முதல் இரண்டு நாள் அவர் எதையும் கழற்றவில்லை. பேத்தியைக் கைப்பிடியை இழுக்கச் சொல்லிவிட்டு, அவர் கீழே உட்கார்ந்து ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்தார். கைப்பிடி நகர்கிறது. முதல் திருப்பம் நகர்கிறது. நீள ராடும் நகர்கிறது. பெடல் அருகே இருக்கும் திருப்பத்தில் மட்டும் தயக்கம். அங்கே போல்ட் துருவேறி இறுகிப்போயிருந்தது. சகதி அதிகம் தெறிக்கும் இடம் அதுதான்.

மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து அந்த இணைப்பில் சுற்றி ஒரு ராத்திரி விட்டார். காலையில் ஒரு முறை தட்டி, மறுபடி நனைத்தார். மூன்றாம் நாள் போல்ட் அசைந்தது. அவசரப்பட்டு ஸ்பேனரில் தொங்கியிருந்தால் தலை முறிந்திருக்கும். வெளியே எடுத்துப் பார்த்தால், போல்ட்டின் நடுப்பகுதி ஒரு பக்கமாகத் தேய்ந்து இடுப்புபோல ஒடுங்கியிருந்தது.

அடுத்து பிரேக் கட்டைகள். பின் சக்கரத்துக் கட்டைகள் இரண்டும் கண்ணாடிபோல் மினுமினுத்தன. ரப்பர் பழசாகி இறுகிவிட்டால் இப்படித்தான் ஆகும். பிடிப்பதுபோல் இருக்கும், வழுக்கும். ரிம்மைத் துடைத்த துணியிலோ கறுப்பு எண்ணெய். செயினுக்குத் தாராளமாக விட்ட எண்ணெய் தெறித்து ரிம் வரை வந்திருந்தது. சைக்கிளில் எண்ணெய் படவே கூடாத இடம் என்று ஒன்று உண்டென்றால் அது ரிம்தான்.

சோப்புத் தூளும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, தண்ணீர் விட்டுக் கழுவி, காய்ந்த துணியால் துடைத்தார். மண்ணெண்ணெயால் துடைக்கவில்லை. அதுவும் ஒரு படலம் விட்டுவைக்கும். முலாம் உரிந்து துரு பிடித்த இடங்களில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அந்தச் சொரசொரப்பு அப்படியே இருந்தால் புதுக் கட்டையையும் அரம்போல ராவிவிடும்.

பிறகு சக்கரம். ராடு பிரேக்குக்கு ரிம் பக்கவாட்டில் ஆடுவதைவிட, மேலும் கீழும் ஏறி இறங்குவதுதான் பெரிய தொல்லை. கட்டை உள்ளிருந்து தள்ளுவதால், ரிம் வட்டம் தப்பிய இடத்தில் மட்டும் 'டக் டக்' என்று கவ்வும். போர்க்கில் ஒரு குச்சியைக் கட்டி, முனையில் சாக்பீஸைச் செருகி, சக்கரத்தைச் சுற்றிவிட்டார். எங்கே ரிம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கே வெள்ளைக் கோடு விழுந்தது. அந்த இடத்துப் போக்ஸ் கம்பிகளைக் கால் சுற்று, கால் சுற்றாக முடுக்கினார். ஒரேயடியாக முடுக்கினால் பக்கத்து இடம் கோணிக்கொள்ளும். சைக்கிள் கடையில் 'கோட்டம் எடுப்பது' என்பார்கள். அங்கே அரை மணி நேரத்தில் முடியும் வேலை, கொட்டகையில் இரண்டு சாயங்காலம் பிடித்தது.

வீட்டில் செய்யக் கூடாதது

இத்தனையும் வீட்டிலேயே செய்யும் அப்பத்தா, ஒரு நாள் மத்தியானம் பஸ் ஏறி ஆலங்குடிக்குப் போனார். இரண்டு ஜோடி பிரேக் கட்டையும், இரண்டு போல்ட்டும், நட்டு வாஷரும் வாங்கி வந்தார்.

பேத்திக்கு ஆச்சர்யம். "ஸ்பேனரையே செய்யுற. ஒரு கட்டையைச் செய்ய மாட்டியா? பழைய டயரு கெடக்குல்ல?"

"செஞ்சு பார்த்துருக்கேன்த்தா. நிக்காது."

ஒரு காலத்தில் டயரை வெட்டிக் கட்டைக்குப் பதிலாகச் செருகிப் பார்த்தவர்தான் அவர். தரையில் தேயாமல் ஓடுவதற்காகச் செய்த ரப்பர் வேறு. ரிம்மைப் பிடிப்பதற்காகச் செய்த ரப்பர் வேறு. சில டயர்களுக்குள் இரும்புக் கம்பியும் இருக்கும். அது வெளியே வந்தால் ரிம்மைக் கிழித்துவிடும். போல்ட்டுக்குப் பதிலாக ஆணியை வளைத்து மாட்டுவது, அறுந்த கேபிளை முடிச்சுப் போடுவது, விரிசல் விட்ட வளைவைக் கம்பியால் கட்டுவது, இதெல்லாம் கிராமத்தில் சகஜம். எல்லாமே மெதுவாகப் போகும்போது தாங்கும். அவசரத்தில் இறுக்கிப் பிடிக்கும்போது விட்டுவிடும். பிரேக் தேவைப்படுவதோ அந்த அவசரத்தில் மட்டும்தான்.

அதனால் கொட்டகையில் ஒரு சட்டம் உண்டு. கருவியை வீட்டில் செய்யலாம். சைக்கிளில் மாட்டுகிற சாமான் கடையில்தான் வாங்க வேண்டும். கருவி உடைந்தால் கையில் ஒரு சிராய்ப்போடு போகும். சாமான் உடைந்தால் ஆளே போகலாம்.

புதுக் கட்டைகளை மாட்டும்போதும் ஒரு கவனம் தேவை. கட்டையைப் பிடித்திருக்கும் இரும்புக் கூட்டின் ஒரு முனை மூடியிருக்கும், மறு முனை திறந்திருக்கும். ரிம் எந்தத் திசையில் ஓடுகிறதோ, அந்தத் திசையில் மூடிய முனை இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால், பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் ரிம் அந்த ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்து, ஒருநாள் ரோட்டில் உருவிப் போட்டுவிடும். பார்க்கச் சின்ன விஷயம். சைக்கிள் வைத்திருக்கும் எல்லோரும் ஒரு முறை குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

கடைசியாக இரண்டு கட்டைகளும் ஒரே நேரத்தில் ரிம்மைத் தொடுகின்றனவா என்று பார்த்தார். வலது கட்டை முதலில் தொட்டது. வளைவைக் கவட்டையில் வைத்து இடப்பக்கம் ஒரு நூல் நிமிர்த்தினார். பனையோலையை மடித்து வைத்து நட்டை முடுக்கினார். இணைப்புகளில் மட்டும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய்.

சாக்பீஸ் கோடு

வேலை தொடங்கும் முன்பே தெருவின் சிமென்ட் ரோட்டில் பேத்தியை வைத்து ஒரு கணக்கு எடுத்திருந்தார். கேரியரில் பூக்கூடைக்குப் பதிலாக 20 கிலோ அரிசி மூட்டை. வழக்கமான வேகத்தில் வந்து, சாக்பீஸ் கோட்டைத் தொட்டதும் பிரேக் பிடிக்க வேண்டும். சைக்கிள் எங்கே நிற்கிறது என்று பேத்தி தப்படியால் அளப்பாள். அன்று 12 தப்படி.

மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள் ஒரு நொடியில் 4 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். 'அய்யோ' என்று நினைத்துக் கை பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். சைக்கிளின் எடையே 20 கிலோவுக்கு மேல். அதில் ஆளும் மூட்டையும் சேர்ந்து சரிவில் இறங்கும்போது என்ன ஆகும் என்பதைக் குளத்துக்கரையில் பார்த்தாயிற்று.

வேலை முடிந்த அன்று மறுபடி அதே மூட்டை, அதே கோடு. பின் பிரேக்கை முதலில் பிடித்து, முன் பிரேக்கை மெல்லச் சேர்த்தார்.

"அஞ்சு அப்பத்தா! அஞ்சே தப்படி!" பேத்தி குதித்தாள்.

அப்பத்தா குதிக்கவில்லை. ஒரு குடம் தண்ணீரை எடுத்துவந்து இரண்டு ரிம்மிலும் ஊற்றச் சொன்னார். மறுபடி ஓட்டினார். எட்டு தப்படி.

அந்த எட்டு தப்படியை அவரால் குறைக்க முடியவில்லை. யாராலும் பெரிதாகக் குறைக்க முடியாது. முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் ரப்பர் கட்டை வழுக்கத்தான் செய்யும். அந்த வகை ரிம்மின் குணம் அது. மழையில் கொஞ்சம் முன்னாடியே பிரேக்கை லேசாகப் பிடித்துப் பிடித்து விட்டால், கட்டை ரிம்மில் இருக்கும் தண்ணீரை வழித்துவிடும். அடுத்து இறுக்கிப் பிடிக்கும்போது கொஞ்சம் நன்றாகப் பிடிக்கும். அவ்வளவுதான் செய்ய முடியும்.

எட்டு தப்படிக்கு ஒரு கோடு போட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார் அப்பத்தா. பிறகு சொன்னார். "மழை நாள்ல குளத்துக்கரையில எறங்கித் தள்ளிட்டுத்தான் போகணும்."

மூன்று சோதனை

அந்த வாரத்திலேயே பேத்தியின் சைக்கிளும் கயிற்றில் ஏறியது. அது கேபிள் பிரேக் வைத்த சின்ன சைக்கிள். இதில் தொல்லை வேறு மாதிரி. கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டே கட்டைகளை ரிம்மோடு அழுத்திக்கொண்டே நட்டையும் முடுக்க வேண்டும். அதற்கு மூன்று கை வேண்டும்.

அப்பத்தா ஒரு பழைய போக்ஸ் கம்பியை எடுத்தார். இரண்டு முனையையும் கொக்கியாக வளைத்தார். அதை இரண்டு கட்டைகளின் வெளிப்பக்கமும் மாட்டியதும், கட்டைகள் ரிம்மோடு ஒட்டி நின்றன. இரண்டு கையும் கேபிளுக்கும் ஸ்பேனருக்கும் கிடைத்துவிட்டன. கேபிளில் ஓர் இழை பிரிந்திருந்ததைப் பேத்திதான் முதலில் கண்டுபிடித்தாள். சட்டப்படி புதுக் கேபிள் கடையிலிருந்து வந்தது.

இப்போது தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் அவள் மூன்று சோதனை செய்கிறாள். முன் பிரேக்கைப் பிடித்து சைக்கிளை முன்னால் தள்ளுவாள். பின் சக்கரம் தூக்க வேண்டும், முன் சக்கரம் உருளக் கூடாது. பின் பிரேக்கைப் பிடித்துப் பின்னால் இழுப்பாள். பின் சக்கரம் உருளக் கூடாது. கடைசியாகக் கைப்பிடியை முழுக்க அழுத்துவாள். அது ஹேண்டில்பாரைத் தொட்டுவிட்டால் அன்றைக்கு சைக்கிள் வெளியே போகாது. மூன்றுக்கும் சேர்த்து அரை நிமிஷம்கூட ஆகாது.

தீபாவளிக்கு முதல் நாள் மகன் வந்தார். பையைத் திண்ணையில் வைத்துவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போனார். சைக்கிளை வெளியே எடுத்து, அரிசி மூட்டையை அவரே கட்டினார். சாக்பீஸ் கோட்டில் மூன்று முறை ஓட்டினார். பேத்தி சொல்லும் முன்பே குடத்தை எடுத்து ரிம்மில் தண்ணீரை ஊற்றி நான்காவது முறையும் ஓட்டினார். இறங்கிவந்து பின் சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து புதுப் போல்ட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"மழையில எறங்கித் தள்ளிட்டுப் போகணும்மா."

"அதெல்லாம் அன்னிக்கே முடிவு பண்ணியாச்சு."

"முழங்காலு?"

"அது கட்டை மாதிரி. தேயத்தான் செய்யும்."

மகன் சிரித்துவிட்டார். எடைக்குப் போடுகிற பேச்சு அதற்குப் பிறகு அந்த வீட்டில் எழவில்லை. திருப்பூர் திரும்பும் அன்று காலை, பார் கம்பியில் பழைய துண்டு சுற்றியிருந்த இடத்தில் பெயின்ட் உரிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை வரும்போது ஒரு சின்ன டப்பா கறுப்பு பெயின்ட் வாங்கி வருவதாகச் சொன்னார்.

பூ மார்க்கெட்டுக்கு மறுநாளிலிருந்து வழக்கம்போல் போய்வருகிறார் அப்பத்தா. சனி, ஞாயிறுகளில் கொட்டகையின் கயிற்றில் வேறு சைக்கிள்கள் தொங்குகின்றன. பெரும்பாலும் பேத்தியோடு படிக்கும் பெண்களுடையவை. காசு கிடையாது. கட்டையும் கேபிளும் அவரவரே வாங்கி வர வேண்டும். கழற்றி மாட்டுவதை அவரவரே கற்றுக்கொள்ள வேண்டும். அப்பத்தா பக்கத்தில் பூக் கட்டிக்கொண்டே பார்ப்பார். தப்பாக முடுக்கினால் மட்டும் குரல் வரும்.

சுவரில் ஓர் ஆணி கூடியிருக்கிறது. அதில் இன்னொரு போக்ஸ் கம்பிக் கொக்கி தொங்குகிறது. வளைவு அவ்வளவு நேர்த்தியாக இல்லை. ஆனால் கட்டைகளை அசையாமல் பிடிக்கிறது. அது பேத்தி செய்தது.